மகளுக்கு நாமே தைக்கும் உடுப்பும் அதற்கேற்ற கைவேலை நகையும்: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு பழைய மிதி மெஷின் இருக்கிறது. ஐந்து வருஷமாக என் மகளுக்கு வெளியில் போடும் உடுப்பெல்லாம் அதில்தான். வெட்டியது போக மிஞ்சும் துணியில் கம்மல், கிளிப், வளையல் என்று ஏதாவது செய்துவிடுவேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு ஆண்டு விழாவுக்கோ கல்யாணத்துக்கோ போய்வந்தால், மறுநாள் பஸ் ஸ்டாப்பில் யாராவது என்னைப் பிடித்துக்கொள்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் இவைதான். வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அனுப்பித் தொண்டை கட்டியதுதான் மிச்சம், அதனால் எழுதி வைத்துவிட்டேன். கீழே கோவை, ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தும். மீதி எங்கள் குளிருக்கும் மிஸ்ட்டுக்கும் உரியது.

அக்கா, எனக்கு மெஷினே ஓட்டத் தெரியாது. நேரா கவுன் தைக்க ஆரம்பிச்சுடலாமா?

வேண்டாம். முதலில் எலாஸ்டிக் பாவாடை. பக்கவாட்டில் இரண்டு நேர்த்தையல், மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, முடிந்தது. கழுத்து வளைவு, கை வளைவு என்ற தொல்லையே இல்லை. எலாஸ்டிக்கை இடுப்பளவைவிட 2 அங்குலம் குறைத்து வெட்டுங்கள். அதற்கும் முன்னால், நூல் கோக்காமல் கோடு போட்ட நோட்டுத்தாளை ஊசிக்கடியில் விட்டு, கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகுங்கள். பத்துத் தாள் போனால் கால் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும்.

மிதி மெஷினா, மோட்டாரா என்றும் சேர்த்துக் கேட்பார்கள். மழைக்கு மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் இருக்கும் ஊரில் நான் மிதி மெஷின் கட்சி. ஆனால் ஈரக்காற்றில் அதன் தோல் பெல்ட் தொய்ந்து சக்கரத்தில் வழுக்கும். அப்போது அரை அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்பக் கம்பி போட்டுக்கொள்ள வேண்டியதுதான். மார்கழிக் காலையில் எண்ணெய் இறுகி மெஷின் கனமாக ஓடும். பழுதென்று பயந்து மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். நூல் இல்லாமல் ஐந்து நிமிஷம் மிதித்தால் இளகிவிடும்.

துணி எத்தனை மீட்டர் வாங்கறதுன்னே தெரியல. கடைக்காரர் சொல்றதை நம்பலாமா?

அவர் அரை மீட்டர் கூட்டித்தான் சொல்வார். கணக்கை நீங்களே போட்டுக்கொண்டு போங்கள். என் மகள் கணக்கைச் சொல்கிறேன்: ஏழு வயது, இடுப்பு 22 அங்குலம், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 28. பாவாடைச் சுற்று இடுப்பைப் போல இரண்டரை மடங்கு இருந்தால் சுருக்கம் நன்றாக விழும், அதாவது 55 அங்குலம். உயரத்துக்கு 28, மடிப்புக்கும், வளரும்போது பிரித்துவிடப் பிடிக்கும் டக் மடிப்புக்கும் இன்னும் 6, ஆக 34. துணி அகலம் 44 அங்குலம் என்றால் ஒரு துண்டில் 55 வராது, 34 அங்குலத்தில் இரண்டு துண்டு, 68 அங்குலம். ஒன்றே முக்கால் மீட்டரில் பாவாடை முடிந்தது. சட்டைக்கு முக்கால் மீட்டர் சேர்த்து இரண்டரை மீட்டர் வாங்கினால் நகைக்கும் துணி மிஞ்சும்.

கரை வைத்த துணிக்கு இந்தக் கணக்கு ஆகாது. கரை கீழே வர வேண்டுமானால் துணியின் நீளம்தான் பாவாடையின் சுற்றாகிறது. 55 அங்குலச் சுற்றுக்குத் தையல் இடமும் சேர்த்து ஒன்றரை மீட்டர் போதும். அதிகமாகும் அகலத்தை மேல்பக்கம் வெட்டிவிடலாம்.

குடை மாதிரி விரியுமே, அந்த அம்பர்லா கவுனுக்கு?

இடுப்பளவை 6.28 ஆல் வகுத்தால் நடுவில் வெட்ட வேண்டிய வட்டத்தின் ஆரம் வரும். 22 அங்குல இடுப்புக்கு மூன்றரை. அதோடு கவுனின் கீழ்ப்பகுதி உயரம் 18, மடிப்பு அரை சேர்த்தால் 22. அப்படியானால் முழு வட்டத்தின் குறுக்களவு 44 அங்குலம், துணியின் அகலத்துக்குச் சொல்லி வைத்தது போல உட்காரும். கால் மீட்டர் கூட வாங்கினால்கூட இதைவிட நீளமாக ஒரே துண்டில் வராது.

வெட்டியதும் அடி மடிக்காதீர்கள். ஒரு நாள் ஹேங்கரில் தொங்கட்டும். இழை சாய்வாக வரும் இடங்கள் மட்டும் கீழே இறங்கும். அதை வெட்டிச் சமன் செய்துவிட்டுப் பிறகு மடிக்க வேண்டும். நான் அவசரத்தில் மடித்த ஒரு கவுன் இன்னும் இரண்டு பக்கம் வால் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

புதுத் துணியை நனைச்சுத்தான் வெட்டணுமா? இங்க மழையில அது எப்போ காயும்?

காட்டன் என்றால் நனைத்தே ஆக வேண்டும். லைனிங் துணியையும்தான். மேல்துணியை நனைத்து, லைனிங்கை நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் மட்டும் சுருங்கி, கவுன் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரில் நிறம் இறங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுத் துணியை நனைக்க வேண்டாம்.

காய்வதுதான் இங்கே பெரும்பாடு. கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் அடைமழை. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில். உங்கள் ஊர் மழை எதுவோ அதற்கு முன்னாலேயே துணியை வாங்கி நனைத்து வைத்துவிடுவது புத்தி. தப்பிவிட்டதென்றால் பெரிய துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே முழங்கால் போட்டு அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். மீதியை இழை நேராக வருகிற மாதிரி இஸ்திரி போட்டு எடுக்கலாம். விறகடுப்புக்கு மேலே மட்டும் கட்ட வேண்டாம், புகை வாசம் மூன்று சலவைக்கும் போகாது.

அளவு எடுக்கும்போது தெர்மலைக் கழட்டிட்டா, போட்டுக்கிட்டா?

போட்டுக்கொண்டு. கீழே இருந்து தைத்து வரும் சட்டைகள் இங்கே பிடிப்பதற்கு இதுதான் காரணம். பொங்கலுக்குப் போட வேண்டிய சட்டையென்றால் பொங்கல் குளிரில் உள்ளே என்ன போடுவாளோ அதைப் போட்டுவிட்டு மார்பு, கை, கக்கம் அளவெடுங்கள். அதற்கு மேல் மார்பில் 3 அங்குலம் தளர்ச்சி விட்டால் போதும். கக்கத்தில் அரை அங்குலம் இறக்கி வெட்டுங்கள், கையைத் தூக்கும்போது சட்டை மேலே ஏறாது. கழுத்தை மட்டும் அகலப்படுத்தாதீர்கள், காற்று உள்ளே போகும்.

எப்படித் தைச்சாலும் மேல ஸ்வெட்டரைப் போட்டு மூடிடறோம். எதுக்கு இவ்வளவு பாடு?

எனக்கும் முதல் இரண்டு வருஷம் இந்த ஆத்திரம் இருந்தது. சட்டை முன்பக்கம் முழுக்க ஆரி வேலை, கழுத்தில் ஆரம். கல்யாண மண்டபத்தில் ஐந்து நிமிஷம் ஸ்வெட்டரைக் கழற்றி போட்டோ எடுத்தோம். மறுபடி மாட்டியதோடு என் ஒரு மாத வேலை உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன்: ஸ்வெட்டர் மறைக்காத இடத்தில் மட்டும் வேலை. பாவாடையின் கடைசி ஆறு அங்குலம், தலை, காது, கைமுனை. கழுத்தையும் மார்பையும் விட்டுவிடுகிறேன்.

அடுத்து, ஸ்வெட்டரையே செட்டில் சேர்த்துக்கொண்டேன். முன்பக்கம் திறக்கும் வெள்ளை அல்லது கறுப்பு ஸ்வெட்டர் ஒன்று வாங்கி, அதன் பிளாஸ்டிக் பட்டன்களை வெட்டி எடுத்துவிட்டுப் பாவாடைத் துணியிலேயே பட்டன் செய்து வைத்தேன். பட்டனின் குறுக்களவைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத் துணியை வட்டமாக வெட்டுங்கள். ஓரத்திலிருந்து ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, தள்ளிச் சுற்றிலும் ஓட்டுத்தையல் போட்டு, நடுவில் பழைய பட்டனை வைத்து நூலை இழுத்தால் துணி பை மாதிரி மூடிக்கொள்ளும். பின்னால் நாலைந்து குறுக்குத் தையல் போட்டு, மேலே சின்ன வட்டத்துணி ஒன்றை வைத்து மூடித் தைக்க வேண்டும். ஐந்து பட்டனுக்கு ஒரு மணி நேரம். காஜா ஓட்டைக்குள் போகிறதா என்று முதல் பட்டனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். துணி ஏறியதும் பட்டன் தடிக்கும். பாவாடை மாறும்போது பட்டனையும் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒரே வெள்ளை ஸ்வெட்டர் மூன்று செட்டுக்கு ஓடுகிறது.

வளர்ற பிள்ளை. ஆறு மாசத்துல எல்லாம் குட்டையாயிடுது. என்ன செய்ய?

டக் பிடித்து வையுங்கள். அரை அங்குல டக் ஒன்று, துணியில் ஓர் அங்குலத்தை உள்ளே ஒளித்து வைக்கும். மூன்று டக் என்றால் 3 அங்குலம், துணிக் கணக்கில் நான் 6 அங்குலம் கூட்டியது இதற்கும் அடி மடிப்புக்கும்தான். சட்டையில் பக்கத்துக்கு ஓர் அங்குலம் உள்ளே விடுங்கள். டக்கைப் பெரிய தையலில் போட்டால் பிரிப்பது சுலபம்.

பிரித்ததும் மடிப்புக்குள் இருந்த துணி புதுசாகவும் வெளியே இருந்தது வெளுத்தும் தெரியும். அரக்குப் பாவாடை ஒன்றைப் பிரித்துவிட்டு நான் திகைத்துப்போனேன், காலைச் சுற்றி மூன்று வளையம் போட்டது போல இருந்தது. கோடு விழும் இடத்தில் லேஸ் வைத்துத் தைத்துவிட்டேன். இப்போது முதலிலேயே யோசித்து, டக்குக்குப் பொருந்தும் அகலத்தில் ஒரு மீட்டர் லேஸ் கூட வாங்கிப் பத்திரப்படுத்துகிறேன்.

மீந்த துண்டுத் துணியில என்ன நகை செய்யலாம்? சும்மா பூ மட்டும்தானா?

பட்டனுக்குச் சொன்ன அதே வேலையைப் பெரிதாகவும் சிறிதாகவும் செய்தால் கம்மல், மோதிரம், ஹேர் கிளிப் எல்லாம் வந்துவிடும். பின்னால் மூடும் வட்டத்துணியை ஒட்டும் முன் கம்மல் தண்டை அதில் குத்தி வெளியே எடுங்கள். வெறுமனே முதுகில் ஒட்டிய தண்டு ஒரு வாரத்தில் கழன்றுவிடும்.

துணி மூடிய மணிமாலை அடுத்தது. கரைத் துணியை 2 அங்குல அகலத்துக்குக் குழாயாகத் தைத்து, திருப்பி, ஒரு மரமணியை உள்ளே விட்டு முடிச்சு, இன்னொரு மணி, இன்னொரு முடிச்சு. இது ஸ்வெட்டருக்கு மேலே போட்டுக்கொள்ளலாம், கம்பளி நூலில் மாட்டாது. குந்தன் கல் வைத்த ஆரத்தை ஸ்வெட்டர் மேல் போட்டுவிட்டு நூலைப் பிரித்தெடுக்க அரை மணி நேரம் போராடியவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பொருள் ஒன்றும் உண்டு. கற்பூர மரத்துக் காய். வெளியூர்க்காரர்கள் யூகலிப்டஸ் என்பார்கள். பம்பரம் மாதிரி, தலையில் சிலுவைக் கோடு வைத்துச் சாலையோரம் கொட்டிக் கிடக்கும். கழுவி, இரண்டு வாரம் காயவிட்டு, மெல்லிய துளைக் கருவியால் ஓட்டை போட்டுக் கோத்தால் அழகான தொங்கல். சாயம் வேண்டாம், அந்தச் சாம்பல் பழுப்பே போதும். கைத்தறிப் பாவாடைக்கு ரொம்ப எடுப்பாக இருக்கும்.

வளையல் சைஸ் 2-4, 2-6னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு? சென்டிமீட்டரா?

அங்குலமும் அதன் பதினாறில் பங்கும். 2-4 என்றால் உள்விட்டம் 2 அங்குலமும் பதினாறில் 4 பங்கும், அதாவது இரண்டேகால் அங்குலம், 57 மில்லிமீட்டர். இதைப் புள்ளி வைத்து எழுதுவதால் எல்லோரும் தசமம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். 2.10 என்பது 2.8-ஐவிடப் பெரியது. குழந்தைகளுக்கு 1-12, 1-14, 2-0 என்று கேட்டு வாங்க வேண்டும்.

வயசைச் சொல்லி வாங்காதீர்கள், கை ஒல்லி, குண்டு என்று மாறும். வளையல் போடும்போது குவிப்பது போலக் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து, விரல் முட்டியின் மேல் நூலைச் சுற்றி அளந்து 3.14 ஆல் வகுங்கள். என் மகளுக்குச் சுற்று 6 அங்குலம், வகுத்தால் 1.91. 1-14 என்பது 1.875 தான், போகாது. எனவே 2-0. இது வெறும் வளையலுக்கு. நூல் சுற்றினால் உள்ளே பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறி, விட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர் குறையும். ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதனால் ஒரு படி ஏற்றி 2-2 வாங்குகிறேன்.

பட்டு நூல் வளையல்னு செய்றோமே, அது நிஜமாவே பட்டா?

கடையில் சில்க் த்ரெட் என்று கொடுக்கும் பளபள நூல் பெரும்பாலும் ரேயான். சந்தேகம் இருந்தால் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகுவது போல நாறும், விரலில் நசுக்கினால் பொடியாகும் கரி விடும். ரேயான் காகிதம் போல எரியும். வளையலுக்கு ரேயானே போதும், ஆனால் நனைந்தால் வலுவிழக்கும் நூல் அது. கை கழுவும்போது கழற்றச் சொல்லிக்கொடுங்கள்.

சுற்றும் விதம்: இருபத்தைந்து முப்பது இழையைச் சேர்த்து, ஒரு முனையை வளையலின் உள்பக்கம் ஒட்டி, ரிப்பன் போலத் தட்டையாகப் பிடித்து, முந்தைய சுற்றின் கால்பங்கு மேலேறுகிற மாதிரி சுற்ற வேண்டும். இழை முறுக்கிக்கொண்டால் அங்கேயே நிறுத்தி விரலால் நீவிவிடுங்கள். விரலில் சொரசொரப்பு இருந்தால் நூல் பஞ்சாகும். தேயிலை பறிக்கும் கைக்காரர்கள் முதல்நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள்.

கடையில பார்த்தா ஒரே கலர், வீட்டுக்கு வந்தா வேற கலர். ஏன்?

டியூப் லைட் செய்யும் வேலை. துணித் துண்டை எடுத்துக்கொண்டு போய், நூலோடு சேர்த்துக் கடைக்கு வெளியே நின்று பாருங்கள். கோவையில் பெரிய கடை வீதி, ராஜ வீதியில் வெயிலில் பார்த்து வாங்கியதை இங்கே மிஸ்ட்டில் பார்த்தால் கொஞ்சம் நீலம் கலந்த மாதிரி தெரியும், அது பரவாயில்லை. துணியும் நூலும் சேர்ந்தே மாறும்.

இன்னொரு நுணுக்கம். தைக்கும் நூல் கண்டில் இருக்கும்போது அடர்த்தியாகத் தெரியும், ஒற்றை இழையாகத் துணியில் ஓடும்போது வெளிறும். அதனால் தையல் நூலைத் துணியைவிட ஒரு படி அடர்த்தியாக எடுக்க வேண்டும். வளையலில் நூல் மொத்தமாகச் சுற்றியிருப்பதால் கண்டின் நிறமே வளையலின் நிறம், அப்படியே பொருத்தி வாங்கலாம். பாவாடையின் பெரிய நிறத்துக்கு நகையைப் பொருத்தாமல் கரையிலோ பூவிலோ இருக்கும் சின்ன நிறத்துக்குப் பொருத்திப் பாருங்கள். முழுக்க ஒரே நிறமாக இருந்தால் எனக்கு யூனிபார்ம் ஞாபகம்தான் வருகிறது.

ஒட்டினது காயவே மாட்டேங்குது. பசை கெட்டுப்போச்சா?

பசையில் தப்பில்லை. வெள்ளைப் பசை அதிலிருக்கும் தண்ணீர் ஆவியானால்தான் இறுகும். காற்றே ஈரமாக இருக்கும்போது அது எங்கே போகும்? மெல்லிசாகத் தடவுங்கள், இரவு முழுக்க அல்ல, ஒரு முழுநாள் விடுங்கள். குண்டு பல்பு எரியும் மேஜை விளக்கு இருந்தால் ஓரடி தள்ளி வைக்கலாம். அடுப்பு மேடையில் வைத்தால் மேலே மட்டும் தோல் கட்டி உள்ளே பாலாகவே இருக்கும்.

நான் ஒருமுறை முகூர்த்த நாள் காலையில் முடித்த வளையலை அப்படியே மாட்டிவிட்டேன். ஸ்வெட்டர் கைமுனையின் ரோமமெல்லாம் அதில் ஒட்டி, தாலி கட்டும் நேரத்தில் என் மகள் கையில் ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு வளையல்.

ஸ்டிக்கர் பசை ஒட்டிக் கறையானால் நீலகிரித் தைலம் ஒரு சொட்டு பஞ்சில் எடுத்துத் துடையுங்கள், வந்துவிடும். முத்து, பெயின்ட் அடித்த மணி பக்கம் மட்டும் தைலத்தைக் கொண்டுபோகாதீர்கள், மேல்பூச்சு கரையும்.

டெரகோட்டா, குவில்லிங் எல்லாம் செய்யலாமா?

குவில்லிங் என்பது காகிதத்தைச் சுருட்டி ஒட்டும் வேலை. மிஸ்ட் குடித்து ஊதிவிடும். இருபுறமும் வார்னிஷ் அடித்தால் தாங்கும், இருந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.

டெரகோட்டா நல்லது. ஆனால் களிமண் நிழலில் முழுக்கக் காய வேண்டும், துளி ஈரம் உள்ளே இருந்தாலும் சுடும்போது ஆவியாகி வெடிக்கும். கீழே மூன்று நாள் என்றால் இங்கே ஒரு வாரம் போதாது. நான் கீழிருந்து சுட்ட உருப்படிகளை வாங்கிவந்து அக்ரிலிக் பெயின்ட் மட்டும் அடிக்கிறேன். சமையலறைத் தராசில் எடை போட்டுப் பாருங்கள்: சின்னக் காதுக்கு ஒரு ஜிமிக்கி 4 கிராமுக்கு மேல் போனால் நான் போடமாட்டேன். தொங்கும் ஜிமிக்கி குரங்குக் குல்லாயிலும் மப்ளரிலும் மாட்டி இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். குளிர்காலத்துக்குக் காதோடு ஒட்டிய துணிக் கம்மல்தான்.

நம்ம செஞ்ச கம்மல் போட்டா காது அரிச்சு நீர் வடியுது. துணியால வருதா?

துணியால் அல்ல, தண்டால். மலிவான தண்டில் இருக்கும் நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் கறுப்பாகவோ பச்சையாகவோ ஆனால் அது செம்பு, கழுவினால் போய்விடும். அரிப்பும் நீரும் வந்தால் கழற்றிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வெள்ளித் தண்டோ சர்ஜிக்கல் ஸ்டீல் தண்டோ வாங்கி மாற்றுங்கள். நகப்பூச்சு அடித்தால் சரியாகும் என்பார்கள், ஒரு விசேஷம் தாங்கும், அவ்வளவுதான்.

ரெண்டு வயசுப் பாப்பாவுக்கும் அக்காவைப் போலவே செட் வேணும்னு கேக்கறா மாமியார்.

உடுப்பு தைத்துக் கொடுங்கள், நகை வேண்டாம். மூன்று வயது வரை மணி, கல், ஒட்டிய பட்டன் எல்லாம் வாய்க்குத்தான் போகும். தொண்டையில் சிக்கும். அந்த வயதில் சட்டைக்குப் பின்னால் அகலமான எலாஸ்டிக், கழுத்தில் நாடா கூடாது, தலைக்குத் துணி பேண்ட். போட்டோவில் அக்காவும் தங்கையும் ஒரே மாதிரி தெரிய அதுவே போதும்.

பெரிய பிள்ளைக்கும் கழுத்து மாலையை இழுத்தால் அறுகிற மாதிரி செய்ய வேண்டும். பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் ஒற்றைத் தையல் நூலால் இணைத்துவிடுங்கள். ஊஞ்சலிலோ வேலியிலோ மாட்டினால் மாலை போகட்டும்.

தோடர் எம்ப்ராய்டரி மாதிரி நாமளே கரை போட்டுக்கலாமா? சிவப்பு, கறுப்பு நூல்தானே?

பார்க்க எளிது. துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுவது அது. வரைபடம் கிடையாது, துணியை மாட்டும் சட்டம் கிடையாது, உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே சுத்தமாக இருக்கும். தோடர் பெண்கள் பூத்துக்குளிப் போர்வையில் போடும் அந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையாலோ மெஷினிலோ அதே மாதிரி போட்டுத் தோடர் வேலை என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை.

அந்த அழகு வேண்டுமானால் அவர்கள் தைத்த சிறு துண்டு, பை, மப்ளர் ஏதாவது ஒன்றை வாங்குங்கள். ஊட்டியில் பூம்புகார் கடையில் கேட்டுப் பார்க்கலாம். அதை வெட்டாமல் வெள்ளைக் கவுனின் அடியில் முழுதாக வைத்துத் தைத்தேன். கவுன் சின்னதானதும் பிரித்து அடுத்ததில் வைத்தேன். நகைக்கு வெறும் கறுப்புத் துணிக் கம்மல். பக்கத்தில் இன்னொரு வேலைப்பாடு வந்தால் இரண்டும் கெடும்.

செட்டை எப்படி எடுத்து வைக்கிறது? அடுத்த விசேஷத்துக்குள்ள நகை கறுக்குது, துணியில கரும்புள்ளி வருது.

பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டுவதால். மாநிலம் முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை வருவதற்குப் பல வருஷம் முன்பே நீலகிரியில் பிளாஸ்டிக் பை தடையாகிவிட்டது, ஆனாலும் பீரோவைத் திறந்தால் எல்லார் வீட்டிலும் கீழிருந்து வந்த கவர்கள் இருக்கும். துணியில் இருக்கும் கொஞ்ச ஈரம் வெளியே போக வழியில்லாமல் பூஞ்சை பூக்கிறது. பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை வெயில் வரும் நாளில் பிரித்து மடிப்பை மாற்றி வையுங்கள்.

நகைக்கு நேர்மாறு, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா. உள்ளே இரண்டு சாக்பீஸ், ஈரம் இழுக்கும். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் கிடைத்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல். ஊசி, குண்டூசி, கத்தரியும் இதே டப்பாவில்தான். துருப்பிடித்த குண்டூசி பட்டில் விட்ட புள்ளியை எந்தச் சோப்பும் எடுக்காது.

எனக்கு ஒரு செட் தைச்சுக் குடுங்களேன். எவ்வளவு ஆகும்?

தைத்துத் தருவதில்லை. துணி வாங்கிக்கொண்டு வாருங்கள், கூட உட்கார்ந்து வெட்டித் தருகிறேன். டீ என் கணக்கு.

இவ்வளவும் செஞ்சும் அவ போட மாட்டேங்கறா. கடையில வாங்கின பிராக்தான் வேணும்கறா. உங்க பொண்ணு அப்படிச் சொல்ல மாட்டாளா?

சொல்லுவாள். போன தீபாவளிக்கு அழுது புரண்டு கடை பிராக்தான் போட்டாள், நான் தைத்தது கட்டிலில் கிடந்தது. ஒரு நாள் முழுக்க அவளோடு பேசவில்லை, நான்தான் சின்னப்பிள்ளை மாதிரி. பிறகு கேட்டுப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது: என் சட்டையின் ஜரிகை உள்பக்கம் உரசிக் குத்தியிருக்கிறது. ஜரிகைக்குப் பின்னால் மெல்லிய மல் துணி வைத்துத் தைத்ததும் போட்டுக்கொண்டாள். எனவே முதலில் உடுப்பைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள்.

துணி எடுக்கும்போதே கூட்டிப்போங்கள், இரண்டு துணியை நீங்கள் தேர்ந்து, அதில் ஒன்றை அவள் தேரட்டும். நகையிலும் அப்படியே. இந்த முறை கேட்டபோது, "அம்மா, கம்மல் வேண்டாம், பாக்கெட் வை" என்றாள். ஆறு அங்குல ஆழத்தில் பாவாடையின் இரண்டு பக்கமும் வைத்துக் கொடுத்தேன். ஸ்கூல் விட்டு வந்தவள் பாக்கெட்டில் கைவிட்டபடியே தூங்கிவிட்டாள். நானும் பார்க்காமல் ஊறப்போட்டுவிட்டேன். அலசும்போது பக்கெட்டில் ஏழெட்டுக் கற்பூரக் காய் மிதந்தது. பாவாடை முழுக்கத் தைல வாசம்.